ஊசி கீழேதான் இருந்தது

"மீட்டரைப் பார்க்கவே இல்லையாப்பா?"

அப்பாவிடம் நான் இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதுவும் கியா பார்ம் மேட்டில், சாலையோரம், கோஸ் மூட்டைகளோடு நின்றுபோன வண்டியின் பக்கத்தில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டிருக்கவே கூடாது.

பானெட்டைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாய் வெடித்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எஞ்சின் சூடேறி, இழுக்க முடியாமல் திணறி, தானாகவே நின்றிருக்கிறது. அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பார்த்தேன் பாப்பா. ஊசி கீழத்தான் இருந்துச்சு."

நான் நம்பவில்லை. எஞ்சின் கொதித்துச் செத்துக் கிடக்கிறது, மீட்டர் குளிர்ச்சி என்று காட்டியதாம். அறுபத்தெட்டு வயது. கண்ணாடி போட மறந்திருப்பார், அல்லது பார்க்காமலே ஓட்டியிருப்பார், இப்போது சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிறுத்தவில்லை. "பார்த்திருந்தா இப்படி ஆகுமா?" என்றும் கேட்டுவிட்டேன். அப்பா அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

நான் வானொலியில் பேசிச் சம்பாதிப்பவள். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள். எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவளும் நான்தான்.

எங்கள் வீடு பிரிஞ்சாங்கில். அப்பா தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு காய்கறித் தோட்டங்களிலிருந்து கோஸ், தக்காளி, சாவி என்று ஏற்றி இறக்கி வருகிறார். காமரன் மலைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், இங்கே பழைய லேண்ட் ரோவர் இல்லாத சந்து கிடையாது. எங்களுடையது சீரீஸ் மூன்று. 1971 முதல் 1985 வரை வந்த ரகம், இரண்டேகால் லிட்டர் எஞ்சின். எனக்கும் அந்த வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே வயது; அதுதான் கொஞ்சம் மூத்தது.

பட்டறைக்கு இழுத்துப் போனோம். அப்பாவுக்கு முப்பது வருடப் பழக்கமான சீனத் தவுக்கே எஞ்சினைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டும் லேசாக வளைந்திருந்தது, ஈப்போவுக்கு அனுப்பிச் சீவி மட்டமாக்க வேண்டும். செலவு என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. மூன்று வாரம் வண்டி இல்லை, அப்பாவுக்கு வருமானமும் இல்லை. பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. வண்டி திரும்பி வந்த பிறகும் அப்பா கியா பார்ம் மேட்டைத் தவிர்த்தார். "முதுகு வலிக்குது" என்றார். ஏற்றத்தில் ஓட்டுவதற்கே பயந்துவிட்டார் என்று அம்மா தனியாகச் சொன்னார். வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சும் வந்தது.

அப்போதுதான் ஒரு நல்ல சூட்டு மீட்டர் வாங்கி மாட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். என் பட்ஜெட் முந்நூறு ரிங்கிட். அப்பாவின் கவனக்குறைவுக்கு மருந்து வாங்குவதாகத்தான் அன்று என் நினைப்பு.

முந்நூறு ரிங்கிட்டில் என்னென்ன கிடைக்கும் என்று தேடிப் பார்த்தேன். நான்கு வகை அகப்பட்டது.

முதலாவது, இருக்கிற மீட்டரையே புதிதாக மாற்றுவது. இது மின்சாரத்தில் இயங்குவது. எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரில் ஒரு சென்சார் முக்கியிருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், மின்சாரம் கூடுதலாகப் பாயும், ஊசி மேலே போகும். இந்த வகைப் பழைய வண்டிகளில் பெட்ரோல் மீட்டருக்கும் சூட்டு மீட்டருக்கும் சேர்த்து ஒரு சின்னப் பெட்டி சீராக 10 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு ஊசிகளும் ஒன்றாகச் சேர்ந்து தப்பாகக் காட்டினால், மீட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தப் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று தவுக்கே சொல்லிக்கொடுத்தார். புதுச் சென்சாரை மாட்டும்போது மரையில் வெள்ளை டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினால், எஞ்சின் உடம்போடு இருக்க வேண்டிய மின்தொடர்பு கெட்டு, ஊசி குறைவாகக் காட்டும் என்றும் சொன்னார். சென்சாரும் மீட்டரும் ஜோடிப் பொருத்தமாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனிச் சென்சாரை இன்னொரு கம்பெனி மீட்டரோடு கட்டிவைத்தால் வரும் எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை.

இரண்டாவது, மின்சாரமே வேண்டாத மீட்டர். ஒரு முனையில் செம்புக் குமிழ், அதிலிருந்து மீட்டர் வரை மெல்லிய செம்புக்குழாய். குமிழுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் ஆவியாகிக் குழாயை அழுத்தும், அந்த அழுத்தம் ஊசியைத் தள்ளும். பேட்டரி செத்தாலும் இது வேலை செய்யும். ஆனால் குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது. மடங்கினால் போச்சு.

மூன்றாவது, தண்ணீரை விட்டுவிட்டு எஞ்சினின் இரும்பையே தொட்டு அளப்பது. தெர்மோகப்பிள் என்பார்கள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்துச் சூடாக்கினால், மறுமுனையில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் சீபெக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இந்த விளைவைக் கண்டறிந்தார். இன்று பரவலாகக் கிடைக்கும் 'கே' ரகத்தில் ஒரு டிகிரிக்கு ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சுமார் 41 பங்கு வரும், அவ்வளவுதான். அதை எண்ணாக மாற்றிக் காட்டும் சின்னத் திரையும், குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் கத்தும் பஸ்ஸரும் சேர்த்து ஐம்பது, அறுபது ரிங்கிட்டுக்கே கிடைத்தது. ஒரு எச்சரிக்கை: கம்பி நீளம் போதவில்லை என்று வீட்டில் கிடக்கும் சாதாரண ஒயரை இடையில் ஒட்டக் கூடாது. ஒட்டுகிற இடத்தின் சூடும் கணக்கில் புகுந்துவிடும். அதே ரகத்துக்கான கம்பிதான் வேண்டும்.

நான்காவது, துப்பாக்கி மாதிரி நீட்டி அழுத்தினால் சூட்டைக் காட்டும் கருவி. கோவிட் காலத்தில் கடைவாசலில் நம் நெற்றியில் நீட்டினார்களே, அதன் மூத்த சகோதரன். பட்டறைக்கு நல்லது, ஆனால் ஓடும் வண்டியில் யார் பிடித்துக்கொண்டிருப்பது? அதோடு பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகத்தான் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு பெயிண்ட்டை ஒரு தொடு தொட்டுவிட்டு அளந்தால்தான் நம்பலாம்.

படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் அதுதான் சிறந்தது. அந்த நேரத்தில் ஒரு நண்பர் ஞாபகத்துக்கு வந்தார். என்னோடு ஊடகப் படிப்பு படித்தவர், இப்போது ஓய்வு நாட்களில் ஈப்போவில் சிறு விமானம் ஓட்டுகிறார். எஞ்சின் நின்றால் ஓரம் கட்ட இடமில்லாதவர்கள் எப்படி மீட்டர் வாங்குகிறார்கள் என்று கேட்போமே என்று அழைத்தேன்.

அவர் சிரித்தார். "எங்களுக்கு இந்தத் தலைவலி உன்னைவிடப் பெரிசு" என்றார்.

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களின் எஞ்சினில் பெரும்பாலும் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. காற்றுதான் குளிர வைக்கிறது. நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று ஒரே அளவில் போய்ச் சேராது. முன்னால் இருப்பது குளிர்ந்திருக்க, பின்னால் இருப்பது வெந்துகொண்டிருக்கலாம். பழைய விமானங்களில் ஒரே ஒரு சிலிண்டரில்தான் சென்சார் இருக்கும். சூடாவது வேறொரு சிலிண்டர் என்றால் மீட்டருக்குத் தெரியாது. அதனால் நான்கிலும் நான்கு சென்சார் மாட்டுகிற கருவிகள் வந்தன. பல லைக்கோமிங் எஞ்சின்களுக்கு சிலிண்டர் ஹெட் 500 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்று சிவப்புக் கோடு உண்டு, அதாவது 260 செல்சியஸ். விவரமான விமானிகள் 400-ஐத் தாண்டாமலே பார்த்துக்கொள்வார்கள்.

சென்சார் என்னவோ நான் பார்த்த அதே தெர்மோகப்பிள் குடும்பம்தான். ஆனால் விமானத்தில் மாட்டுகிற கருவிக்கு அங்கீகாரம் வேண்டும். அந்தக் காகிதத்தோடு சேர்ந்து விலையும் ஆயிரக்கணக்கில் ஏறிவிடுகிறது. தங்கள் கையாலேயே விமானம் கட்டிப் பறப்பவர்களுக்கு மட்டும் அங்கீகாரம் இல்லாத மலிவான கருவியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கொஞ்சம் உண்டு.

"மலிவா வாங்கு, தப்பில்லை. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்க" என்றார். "சென்சார் எங்க உட்காருது? ஆபத்து வந்தா அது உன்னைக் கூப்பிடுமா, இல்ல நீதான் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா? மூணாவதுதான் முக்கியம். அது கெட்டுப்போனா எந்தப் பக்கம் பொய் சொல்லும்?"

மூன்றாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

வரிசையாக யோசித்துப் பார்த்தேன். அப்பா வண்டியில் இருக்கும் மீட்டருக்குச் சென்சார் ஒயர் அறுந்தால் மின்சாரம் பாயாது, ஊசி குளிர்ச்சிப் பக்கம் விழும். செம்புக்குழாய் மீட்டரில் குழாய் ஓட்டையானால் அழுத்தம் போய்விடும், அந்த ஊசியும் குளிர்ச்சிப் பக்கம் விழும். இரண்டும் கெட்டுப்போனால் 'எல்லாம் நலம்' என்றுதான் சொல்லும். சரி, மீட்டர் கெடவில்லை, தண்ணீர்தான் இல்லை என்றால்? தண்ணீரின் சூட்டை அளக்கிற சென்சார், தண்ணீரே இல்லாதபோது எதை அளக்கும்?

இதை நினைத்த கணத்தில் எனக்குக் கியா பார்ம் மேடு ஞாபகம் வந்தது. 'ஊசி கீழத்தான் இருந்துச்சு.'

அந்த வாரக் கடைசியில் செம்புக்குழாய் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு பிரிஞ்சாங்குக்குப் போனேன். மாட்டுவதற்கு முன் சரியாக வேலை செய்கிறதா என்று அம்மாவின் அடுப்பில் சோதனை. சட்டியில் தண்ணீர் கொதித்தது, குமிழை உள்ளே விட்டேன். ஊசி ஏறியது, 95-ல் நின்றுவிட்டது. அடுப்பைக் கூட்டினேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஊசி 95-ஐ விட்டு நகரவில்லை. தண்ணீர் 100-ல் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். ஐந்து டிகிரி குறைவாகக் காட்டும் ஓட்டை மீட்டரைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரருக்குப் போன் போடப் போனேன்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏன் பாப்பா, தாப்பால அத்தை வீட்டுல பருப்பு அரை மணியில வேகுது, இங்க ஏன் வேகமாட்டேங்குதுன்னு நெனச்ச?"

போனைக் கீழே வைத்தேன். பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் ஒரு டிகிரி இறங்கும். எங்கள் ஊரில் தண்ணீர் 95-லேயே கொதித்துவிடும். மீட்டர் சரி, நான்தான் தப்பு. எங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ரகசியமும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

இது சமையல் விஷயம் மட்டும் இல்லை. ரேடியேட்டர் மூடியும் ஒரு குக்கர் மூடிதான். எங்கள் வண்டியின் மூடியில் 9 என்று பொறித்திருக்கிறது, சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டு அழுத்தம் வரை அது தாங்கிப் பிடிக்கும். ஒரு பவுண்டுக்குச் சுமார் ஒன்றரை டிகிரி என்று கொதிநிலை ஏறும். மூடி நன்றாக இருந்தால் எங்கள் மலையில் 110-ஐ நெருங்கும்வரை தண்ணீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் இற்றுப்போனால் 95-லேயே கொதித்து வெளியேறும். மலைக்காற்று மெலிந்தது என்பதால் ரேடியேட்டரிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும் திறனும் அதற்குக் குறைவு. கீழே சமவெளியில் 'இன்னும் இடம் இருக்கிறது' என்று அர்த்தப்படும் எண், மேலே இல்லாத ஒரு தெம்பைக் கொடுத்துவிடும். மலையில் வண்டி ஓட்டுபவர்கள் எல்லா மீட்டருக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒரு நல்ல ரேடியேட்டர் மூடி. அதை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அடுத்த சோதனைதான் நான் உண்மையில் செய்ய வந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அடுப்பு எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, ஊசி 95-ல் நிற்கிறது. குமிழை மெல்லத் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தூக்கினேன். நெருப்பு அப்படியேதான் இருந்தது. ஊசி இறங்க ஆரம்பித்தது. 90, 80, 70. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சட்டி கொதித்துக்கொண்டிருக்க, மீட்டர் நிம்மதியாகக் குளிர்ச்சிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவின் வண்டியில் சென்சார் இருப்பது எஞ்சினின் மேல்பகுதியில், தெர்மோஸ்டாட் கூட்டை ஒட்டி. தண்ணீர் குறைந்தால் முதலில் வற்றும் இடம் அதுதான். குழாய் வெடித்துத் தண்ணீர் முழுக்கச் சாலையில் கொட்டிய பிறகு, அந்தச் சென்சார் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சின் இரும்பு வெந்துகொண்டிருக்க, ஊசி கீழே இறங்கியிருக்கிறது. அந்த வண்டியின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். தண்ணீரை மட்டும் தொட்டுப் பார்க்கிற எல்லா மீட்டருக்கும் இது பொது. உங்கள் புதுக் காரிலும் தண்ணீர்ச் சென்சார் ஒன்றை மட்டுமே நம்பினால் இதே கதைதான்.

"அப்பா, அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். வெளியே போய் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, "எங்க மாட்டப் போற?" என்று கேட்டார்.

அன்றிரவு ஒரு பழைய விபத்தைப் பற்றிப் படித்தேன். 1989 ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்பாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737-400 விமானத்தில் இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானிகள் வலது எஞ்சின்தான் கெட்டது என்று நினைத்து, நன்றாக இருந்த அதை நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் எவ்வளவு அதிர்கிறது என்று காட்டும் மீட்டர் அங்கே இருந்தது. ஆனால் அது மிகச் சிறியது. பழைய விமானங்களில் அந்த மாதிரி மீட்டர்கள் நம்பத் தகாதவை என்று விமானிகளிடம் பேர் வாங்கியிருந்தன. விமானம் கெக்வர்த் என்ற கிராமத்துக்கு அருகே நெடுஞ்சாலைக் கரையில் விழுந்தது. இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். வலது எஞ்சினை நிறுத்திவிட்டோம் என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார். இடது பக்கம் தீப்பொறியைக் கண்ணால் பார்த்தவர்கள் பின்னால் இருந்தார்கள். அவர்கள் பார்த்தது விமானி அறைக்குப் போய்ச் சேரவே இல்லை. பேசுபவருக்கு ஒலிபெருக்கி இருந்தது, பார்த்தவர்களிடம் இல்லை. ஒலிபெருக்கியே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இதைப் படித்துவிட்டு உடனே விளக்கை அணைக்க முடியவில்லை.

இனி, நாங்கள் என்ன மாட்டினோம் என்பது. நண்பர் சொன்ன மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

தண்ணீருக்குச் செம்புக்குழாய் மீட்டர். பெரிய வட்டம், தெளிவான ஊசி. கண்ணாடி இல்லாமலே அப்பாவுக்குத் தெரிகிறது. அதில் எண்களைப் பார்க்க வேண்டாம் என்றார், வழக்கமாக ஊசி நிற்கும் இடத்தில் வெளிப்புறம் ஒரு துண்டு மஞ்சள் டேப்பை ஒட்டிக்கொண்டார். ஊசி அந்த டேப்புக்கு மேலே போனாலும் சந்தேகம், கீழே போனாலும் சந்தேகம். 'கீழே போனாலும்' என்பதைச் சேர்த்தவர் அவர்தான்.

இரும்புக்குத் தெர்மோகப்பிள். மோதிரம் போன்ற முனையை ஒரு போல்ட்டுக்கு அடியில் வைத்து இறுக்க வேண்டும். ஹெட்டை இறுக்கும் பெரிய போல்ட்டுகளுக்கு அடியில் வைக்கக் கூடாது, அவற்றின் இறுக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு, இடையில் எதையாவது செருகினால் அது மாறிவிடும் என்று தவுக்கே தடுத்துவிட்டார். ஹெட்டின் பக்கவாட்டில் வேறொரு சின்ன போல்ட்டைக் காட்டினார். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்பு அங்கேதான் இருக்கும், சென்சாரும் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். கம்பி அறுந்தால் இந்தத் திரையில் எண் மறைந்து கோடு வந்துவிடும். கெட்டுப்போனதைத் தானே ஒப்புக்கொள்கிற மீட்டர்.

அலாரத்தை எந்த எண்ணில் வைப்பது? யார் சொன்ன எண்ணையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம், சும்மாவும் பாரத்தோடும், மழையிலும் வெயிலிலும், மேட்டிலும் இறக்கத்திலும் என்ன காட்டுகிறது என்று அப்பா ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்தார். முழுப் பாரத்தோடு கியா பார்ம் ஏற்றத்தில் அது காட்டிய உச்ச எண்ணுக்குப் பத்து டிகிரி மேலே அலாரத்தை வைத்தோம். அப்படித்தான் அவர் மறுபடி அந்த மேட்டில் ஏறினார், எழுதுவதற்காக. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்தேன், செய்தி அறிக்கை மாதிரி.

கடைசியில் ஒரு சிக்கல். அலாரத்தைச் சோதிக்க, வேண்டுமென்றே எண்ணைக் குறைத்து வைத்தேன். பஸ்ஸர் என் காதைத் துளைத்தது. "அப்பா, கேட்குதா?" என்றேன். "எது?" என்றார்.

வானொலியில் வேலை செய்பவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். வயதானால் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான். இந்தக் குட்டி பஸ்ஸர்கள் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கீச்சுக் குரலில்தான் கத்தும். அதற்கு மேல் லேண்ட் ரோவர் எஞ்சின் போடும் சத்தம் வேறு. எங்கள் ஒலிபரப்பு நிலையத்திலும் ஒரு அலாரம் உண்டு, சில விநாடிகள் மௌனம் நீடித்தால் அது அடிக்கும். எங்கள் தொழிலில் சத்தம் இல்லாததுதான் ஆபத்து. அது கேட்க வேண்டியவருக்குக் கேட்கும் இடத்தில், கேட்கும் குரலில் வைக்கப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் வேண்டும்.

தவுக்கே பட்டறை மூலையிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ஹாரனை எடுத்துக் கொடுத்தார். அடித்தொண்டையில் பேசுகிற ஹாரன். சின்னத் திரையால் அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுக்க முடியாது என்பதால் இடையில் ஒரு ரிலே வைத்தார். வண்டிக்குள்ளேயே சீட்டுக்கு அடியில் பொருத்தினோம். முதல் தடவை அடித்தபோது அப்பா சீட்டிலிருந்து எழுந்தே விட்டார். பிறகு ஒரு பழைய சட்டையை மடித்துச் சுற்றிக் குரலைக் கொஞ்சம் அடக்கினோம். மீட்டர், தெர்மோகப்பிள், ரிலே, புதிய ரேடியேட்டர் மூடி, குழாய்கள், அவற்றின் கிளிப்புகள் எல்லாம் சேர்த்து முந்நூறு ரிங்கிட்டைத் தாண்டவில்லை. ஹாரனுக்குத் தவுக்கே காசு வாங்கவில்லை.

நிறைய எண்கள் காட்டும் அழகான திரைகளும் கடையில் இருந்தன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது, ஒன்றை ஒன்று சந்தேகிக்கிற இரண்டு மீட்டர்கள். தண்ணீர் ஊசி இறங்கி, இரும்பின் எண் ஏறினால், தண்ணீர் இல்லை என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து ஏறினால் பெல்ட்டையோ விசிறியையோ பாரத்தையோ பார்க்க வேண்டும். ஒற்றை மீட்டர் தான் தொடுகிற இடத்தைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். மற்றதை ஓட்டுபவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் சொல்வதை நம்பவும் வேண்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நிகழ்ச்சி முடிந்து ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்தபோது அப்பாவிடமிருந்து அழைப்பு. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை.

"பாப்பா, ஹாரன் அடிச்சுச்சு."

எனக்குத் திக்கென்றது. கியா பார்ம் ஏற்றமாம். கீழ்க்குழாயின் கிளிப் தளர்ந்து தண்ணீர் பாதிக்குமேல் ஒழுகியிருக்கிறது.

"ஊசி கீழத்தான் இருந்துச்சு" என்றார் அப்பா.

"சரிப்பா. எஞ்சினை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தி ஓரமா போட்டுட்டுத்தான் உன்கிட்ட பேசுறேன். ஆறட்டும். தண்ணி ஊத்தி, கிளிப்பை இறுக்கிட்டுக் கிளம்பிடுவேன். கோஸ் ஒண்ணும் கெட்டுப் போகாது, இங்கதான் குளிருதே."